வீரபாகுவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதை எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம். காலிலிருந்து வந்தது. 1981இல் குற்றாலத்தில் குளிக்கப் போனவன், தென்காசியில் தெரிந்தவர் வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவினான். கழுவிய கால் லாரி மாதிரி மணந்தது. உள்ளே கொடுத்த காப்பியோ அமிர்தம். அது எப்படி என்று யோசித்ததில் வடிவாம்பாள் பிறந்தாள்.

2

முதல் தொடக்கம்: மேற்கே மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதையெல்லாம் சாரலில்தான் தொடங்குகிறது. வெயிலில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காதா?)

இரண்டாவது தொடக்கம்: வடிவாம்பாள் வீட்டுக் கிணற்றில் டீசல் மிதந்தது. பக்கத்து மனையில் வீரபாகுவின் லாரி ஷெட். புளியங்குடி எலுமிச்சங்காயை வெளியூருக்கு ஏற்றுகிறவர். டீசல் தட்டுப்பாட்டுக்குப் பயந்து மண்ணுக்குள் ஒரு டேங்க் புதைத்திருந்தார். அதில் ஓட்டை. ஐப்பசியில் வடிவாம்பாளின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பச்சைப்பிள்ளையை இந்தத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது என்பதுதான் அவள் கவலை.

3

எழுதுகிறவன் வீரபாகுவுக்கு முதலில் ஒரு முரட்டு மீசை வைத்திருந்தான். பிறகு எடுத்தாயிற்று. தெருவுக்கே சும்மா எலுமிச்சை கொடுக்கிற மனுஷர். ஓட்டையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"மண்ணுன்னா மணக்கத்தான் செய்யும் ஆச்சி."

வடிவாம்பாள் மனுக் கொடுத்ததில் திருநெல்வேலியிலிருந்து தண்ணீர் பரிசோதிக்கும் ராமசேஷன் வந்தார். ஒரு பாட்டிலைக் கொடுத்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு ஷெட்டைப் பார்க்கப் போனார். வீடு காலமான கணவர் பேரில் இருந்ததால் பாட்டிலிலும் அவர் பெயரே ஒட்டியிருந்தது. வடிவாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்த யாருக்கும் அவள் கெட்ட தண்ணீர் கொடுத்ததில்லை. அதுவும் அவர் பேர் போட்ட பாட்டிலில் இந்தக் கண்றாவியை ஊற்றி வெளியூருக்கு அனுப்புவதா? பாட்டிலை நன்றாகக் கழுவி, குடிக்கக் குடத்தில் வைத்திருந்த குற்றாலத்து அருவித் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள்.

பதில் வந்தது: குடிப்பதற்கு மிகவும் உகந்த நீர். அதை வீரபாகு தெருவெல்லாம் வாசித்துக் காட்டினார்.

4

(இப்படி ஒருத்தி செய்வாளா என்று எழுதுகிறவனுக்கே சந்தேகம் வந்தது. செய்வாள். டாக்டர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் காய்ச்சலோடு எழுந்து தலைக்குக் குளித்தவள் அவன் அத்தை.)

ராமசேஷன் திரும்பி வந்தார். "இந்த ஊர்க் கிணறு எல்லாத்துலயும் கொஞ்சமாவது உப்பு இருக்கும்மா. உங்க கிணத்துல மட்டும் அருவி கொட்டுதா?"

வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவுக பேரு ஒட்டியிருந்துச்சே சார். அதுல போயி இத எப்படி ஊத்துவேன்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு மதிலோரம் கடப்பாரையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மண் கறுப்பாக வந்தது.

"கிணத்த மட்டும் இறைச்சாப் பத்தாது. டேங்க எடுக்கணும், எண்ணெய் குடிச்ச மண்ணையும் அள்ளணும். அப்புறம் ஊற ஊற இறைச்சாத்தான் தெளியும். மறுபடி சோதிச்சு ரிப்போர்ட்டு வர மாசக்கணக்காகும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வீரபாகு விடவில்லை. "நல்ல தண்ணின்னுல்லா ரிப்போர்ட்டு சொல்லுது. ஒரு தம்ளர் மோந்துட்டு வாங்க ஆச்சி, சாரு முன்னாலயே குடிக்கேன். டீசல் வாடை அடிச்சா நாளைக்கே டேங்கத் தோண்டி எடுத்துருதேன்."

சொல்லிவிட்டு உள்ளே வந்து விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டார்.

5

முடிவு அ: வடிவாம்பாள் கிணற்றுத் தண்ணீரை நீட்டுகிறாள். வீரபாகு முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்கிறார். எழுதுகிறவனுக்கு இது பிடித்திருந்தது, அவளுக்குத்தான் பிடிக்கவில்லை. எத்தனை முறை கிணற்றடிக்கு அனுப்பினாலும் அடுக்களைக்கே திரும்பிப் போனாள்.

முடிவு ஆ: கை பழக்கத்தில் குடத்துக்குப் போகிறது. வீரபாகு சப்புக்கொட்டிக் குடித்து, இன்னொரு தம்ளர் கேட்கிறார். டேங்க் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஐப்பசி வருகிறது.

முடிவு இ: வீரபாகு தானாகவே எழுந்து வந்து

(மாட்டார். அவரைத் தெரியாதா?)

ஆக, வடிவாம்பாள் வெறும் தம்ளரோடு நிற்கிறாள். ஒரு பக்கம் கிணற்று வாளி, மறுபக்கம் குடம். "என்ன ஆச்சி, தாகமா இருக்குல்லா" என்கிறார் வீரபாகு. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையால் ஒருவருக்குக் கெட்ட தண்ணீர் கொடுத்தால்தான் பேரப்பிள்ளைக்கு நல்ல தண்ணீர்.

எழுதுகிறவன் பேனாவை மூடிவிட்டான். தம்ளரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எதில் மொண்டு கொடுத்தாலும் சரி, ஐப்பசியில் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டியதும் நீங்கள்தான்.