முத்துப்பேச்சி வெட்டாத நாற்பத்திரண்டு பனியன்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக்கொண்டு முழிக்க எனக்கு வராது. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கும் எங்கள் தையல் மேசைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன்; இதை மட்டும் அதுவரை வைத்திருக்க முடியவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை, தைத்து வந்ததில் குறை தேடும் செக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி நாற்பத்திரண்டு பனியன்களை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் முதல் வரியைத் தேடத் தொடங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

(முத்துப்பேச்சி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. நான் வைத்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே.)

2

முதல் தொடக்கம்: "ஏழாயிரம் தீவுகளின் காற்று பெருமாநல்லூர்ச் செக்கிங் மேசைமேல் வீசியபோது—" வேண்டாம். எங்கள் செக்கிங்கில் காற்றே கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.

இரண்டாம் தொடக்கம்: "பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் லிவாய்வாய் என்ற பெண் கடலைப் பார்த்தபடி—" அவர் கடலைப் பார்த்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் வீடியோ காலில் அவர் முகமும், பின்னால் ஒரு ஃப்ரிட்ஜும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். லிவாய்வாய் எங்கள் பையர். அவருடைய தீவில் பபைலான் என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் பெண்தான். பூசை செய்வதும், வைத்தியம் பார்ப்பதும், முன்னோர்களின் ஆவிகளோடு பேசுவதும் அவர் வேலை. ஸ்பானியர்கள் வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். கூட வந்த பாதிரியார்கள் பபைலான்களைச் சூனியக்காரிகள் என்றார்கள்; மரத்தில் செதுக்கிய முன்னோர் உருவங்களைத் தீயில் போட்டார்கள். இவர்களும் சும்மா இருக்கவில்லை. 1621-இல் போஹோல் தீவில் ஒரு பபைலான் ஊர் ஊராகச் சனத்தைத் திரட்டிச் சண்டைக்கே போயிருக்கிறார். பிடிபட்டவர்களைக் கொன்று, துண்டு துண்டாக வெட்டி, ஆற்றில் முதலைகளுக்குப் போட்டார்கள் என்று லிவாய்வாயின் ஊரில் இன்றும் சொல்கிறார்களாம். உடல் முழுசாகக் கிடைத்தால் சனம் கும்பிட ஆரம்பித்துவிடும் என்ற பயம்.

லிவாய்வாய் கத்தோலிக்கராகப் பிறந்து வளர்ந்தவர். இப்போது அவரும் சில பெண்களும் அந்தப் பழைய வழியைத் தேடி, அது இன்னும் அறுந்துபோகாத மலையூர்களுக்குப் போய்வருகிறார்கள். அனுமதி என்ற சொல்லை ஒரு வீடியோ காலில் ஏழெட்டு முறை சொல்வார். தங்கள் வருஷக் கூட்டத்துக்கு ஆயிரம் பனியன் கேட்டிருந்தார். பனியனின் நெஞ்சில், அப்படிக் கொல்லப்பட்ட ஒரு பபைலான் பெண்ணின் தலைத்துணி கட்டிய முகம். அதைப் போட்டுக்கொள்ள மலையில் இருக்கும் மூத்த பபைலான் ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்திருந்தார்: கூட்டத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான் உடுத்த வேண்டும், கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. பழுதான பனியன்களை வெட்டி அழித்து வீடியோ அனுப்ப வேண்டும்.

செக்கிங்கில் துணியை இழுத்துச் சோதித்ததில் நாற்பத்திரண்டு பனியன்களில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் பிரிண்ட் வெடித்திருந்தது.

3

முத்துப்பேச்சி கோவில்பட்டிப் பக்கம். பதினோரு வருஷமாக இங்கே செக்கிங். இங்குள்ள ராயபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. மகள் அனுசுயா பன்னிரண்டாம் வகுப்பு. அவர் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிட வேண்டும்.

கத்தரியை எடுத்து, முதல் பனியனை மேசைமேல் விரித்தார். கத்தரியைக் கீழே வைத்தார்.

"இது யாரு மேடம்?"

"சாமி இல்லீங்க அக்கா. அவங்க ஊர்ப் பூசாரி."

"உசுரோட இருக்காவளா?"

"கொன்னுட்டாங்க." இதோடு நிறுத்தியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு நாக்கில் அரிப்பு. "வெட்டி முதலைக்குப் போட்டுட்டாங்களாமுங்க."

முத்துப்பேச்சி பனியனை மடித்துவிட்டார்.

"எங்க ஊருல அநியாயமா கொன்ன பொம்பளையத்தான் மேடம் சாமியா கும்பிடுதோம். எங்க குலசாமியே அப்படி வந்தவதான். வெட்டுனவன் வீட்டு ஆளுகளே வந்து பொங்க வைக்காவ. இவள ஏற்கெனவே ஒருக்க வெட்டிட்டானுவ. ரெண்டாவது நான் வெட்டணுமாக்கும்?"

முதலாளி மகுடேஸ்வரன் வந்தார். "ஏனுங்க, துணிதானுங்களே அது" என்றார். ஆனால் அவரும் கத்தரியைத் தொடவில்லை.*

"ஜனனி, சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வீடியோ போகோணுமுங்க. அந்தம்மா வெட்ட மாட்டேன்னா, திங்கக்கெழம வேற ஆளப் போட்டுக்கலாமுங்க."

எங்கள் ஊரில் வேலையை விட்டு நிறுத்தினாலும் மரியாதையோடுதான் நிறுத்துவார்கள்.

* கட்டிங் மேசையில் துணி விரித்ததும் கற்பூரம் காட்டாமல் மிஷினை ஓடவிடாதவர் அவர்.

4

வெட்டாமல் எப்படி அழிப்பது? நானும் முத்துப்பேச்சியும் டீ நேரத்தில் யோசித்தோம். எரிக்கலாமா? பாதிரியார்கள் செய்தது அதுதான். ஆற்றில் விடலாமா? அதையும் செய்திருக்கிறார்கள். (எங்கள் நொய்யலாற்றில் முதலை இல்லை. இருந்திருந்தால் சாயத்தண்ணீரைக் குடித்து அதுவே போய்ச் சேர்ந்திருக்கும்.) எதைத் தொட்டாலும் ஸ்பானியர்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததாக இருந்தது.

"உடுத்துனா என்ன மேடம்?" என்றார் முத்துப்பேச்சி. "வேலைக்கு வாரப்ப சேலைக்கு மேல சட்டை போடத்தான செய்தோம். இதப் போட்டுக்கிடுதோம். வேர்வையில நைஞ்சு அதுவா போகட்டும்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மட்டும் என்ற நிபந்தனையை என்ன செய்வது?

5

முடிவு அ: லிவாய்வாய் இதைக் கேட்டுக் கண்ணீர் மல்கி— இல்லை. நம் பெருமையைக் கண்டு வெளிநாட்டுக்காரர் அழும் கதைகள் போதும்.

முடிவு ஆ: செக்கிங் மேசை நடுவே முத்துப்பேச்சிக்கு அருள் வந்து— இதை எழுதியதற்காக என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

முடிவு இ: நானே வெட்டுவது. வீடியோவில் கைகள் மட்டும்தான் தெரியும். அவர் வேலையும் தப்பிக்கும். புதன்கிழமை கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். முத்துப்பேச்சி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அந்தக் கன்னத்து வெடிப்பில் கத்தரியை வைக்க என்னாலும் ஆகவில்லை. பயமா, பக்தியா என்று கேட்டால் தெரியவில்லை. அன்றே லிவாய்வாயைக் கூப்பிட்டு, உடுத்தும் யோசனை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு, "நான் முடிவு செய்ய முடியாது. மலைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்றார்.

6

வெள்ளிக்கிழமை மதியம் லிவாய்வாயிடமிருந்து செய்தி வந்தது. மூத்தவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். வெட்ட மாட்டேன் என்றவளின் பெயர் என்ன? பெயரைச் சொல்லாமல் அவளுக்காக முன்னோர்களிடம் அனுமதி கேட்க முடியாதாம்.

பழக்கத்தில் "முத்துப்பேச்சி" என்று டைப் செய்தேன். அழித்தேன். உண்மைப் பெயரை டைப் செய்தேன். அனுப்பவில்லை. எழுந்து செக்கிங்குக்குப் போய், மலையிலிருந்து வந்த கேள்வியைச் சொன்னேன். அவரைப் பற்றிக் கதை எழுதுவதையும் சொன்னேன்.

"எழுதிட்டீகளா?"

"பாதிக்கு மேல ஆச்சுங்க அக்கா."

"எழுதுனப்புறமா கேக்குதீக?" சிரித்தார். எனக்கு உறைத்தது. "அந்த அம்மா பேரக் கேட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்காவ. கதையில எனக்கு என்ன பேரு?"

சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுவே இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு மட்டும் நெசப் பேர அனுப்புங்க. எங்க குலசாமி பேரையும் சேத்து அனுப்புங்க."

"முடிவு என்னன்னு எழுதட்டுமுங்க?"

"அவுக சொல்லட்டும் மேடம். நீங்களா எதையும் எழுதிராதீக."

"சரிங்க அக்கா, எழுத மாட்டேன்."

7

இன்று சனிக்கிழமை. மணி மூன்று. இரண்டு பெயர்களும் மலைக்குப் போய்விட்டன. பதில் வரவில்லை. மகுடேஸ்வரன் இரண்டு முறை செக்கிங் பக்கம் வந்து, அந்தப் பனியன்கள் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். முத்துப்பேச்சி வேறொரு ஆர்டரின் குழந்தை டிரவுசர்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்தரி என் மேசைமேல் இருக்கிறது.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பனியனைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று பேராசை. ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கொடுக்கவில்லை. வேண்டுமானால் முடிவை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்கு அவர் பெயர் வேண்டும். அதை நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை.