இங்கிலீஷில் ஒரு சமுத்திரம்

பாஸ்கலுக்கும் இன்பமேரிக்கும் கல்யாணமாகி, ஒரு மகளைப் பெற்று, அவளையும் காரைக்காலில் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தனை காலத்தில் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு முறத்தில் அள்ளிவிடலாம். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அவர் "இந்தா" என்பார், தண்ணீர் வரும். "குடை" என்பார், குடை வரும். அவள் "இன்னாங்க" என்று ஆரம்பிப்பாள். மேற்கொண்டு என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே மறந்துபோகும். ஊரில் இதற்கு நல்ல குடும்பம் என்று பெயர்.

பாஸ்கல் வில்லியனூர்ப் பக்கம் பிறந்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சு படித்து, பாகூரில் கொம்யூன் என்கிற பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே குடியமர்ந்துவிட்டார். இன்பமேரி கடலூர்க்காரி. பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன், இந்தப் பக்கம் இன்னொரு வெள்ளைக்காரன் என்றிருந்த நாளில், ஆற்றைத் தாண்டி வாழ வந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷையும் சீரோடு சேர்த்துக் கொண்டுவந்தாள். வந்த புதிதில் எதற்கோ "தேங்க்யூ" என்று சொல்லப்போக, பாஸ்கல் சிரித்துவிட்டார்.

"இது இன்னா கடைக்காரன் பாஷை? இந்தப் பக்கம் மெர்சிதான்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. கூறைப்புடவை வைத்த பெட்டியோடு அந்தப் பாஷையையும் பூட்டி வைத்தாள்.

காலச் சக்கரம் சும்மா இருக்குமா? பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அறுபத்தாறாம் வருஷம் ஆபீசுக்கு ஓர் உத்தரவு வந்தது. பிரெஞ்சு படித்த குமாஸ்தாக்கள் எல்லாம் இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டும். எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று. தேறினால் பாஸ்கலுக்குத் தலைமைக் குமாஸ்தா நாற்காலி. தவறினால் பழைய பிரெஞ்சுக் காகிதக் கட்டுகளுக்குக் காவலாக மூலையறை.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றார். இன்பமேரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா... ஒனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வருமில்ல?"

"வந்துது. இப்போ வருமோ இன்னாமோ," என்றாள் அவள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். வேறொருத்தியாக இருந்தால் கடைக்காரன் பாஷையை அந்த இடத்தில் ஞாபகப்படுத்தியிருப்பாள். இவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

கடலூரிலிருந்து அவள் அண்ணன் ஒரு சம்பாஷணைப் புத்தகம் வாங்கி அனுப்பினான். ஸ்டேஷனில், ஓட்டலில், கடைவீதியில் என்று பாடங்கள். இரண்டு பேர் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்ததும் முற்றத்துக் கொய்யாமரத்தடியில் இரண்டு முக்காலி போட்டுக்கொண்டார்கள். பல் பிடுங்க வந்தவர் போல பாஸ்கல் உட்கார்ந்திருந்தார்.

முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. மாலை வணக்கம் சொல்லி, எதிராளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. இன்பமேரி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மகளின் ஞானஸ்நானத்தில் சாமியார் தகப்பன் பெயர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்ற நாத்தனாரைத்தான் பார்த்தாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். தமிழில் சொன்னால்தானே குறையும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"குட் ஈவ்னிங், மிஸ்டர் பாஸ்கல்."

ஆயுசு குறைந்தவராக அவர் தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரோ தட்டாமல் விட்ட கதவைத் தட்டியதுபோல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மெதுவாக, "குட் ஈவ்னிங், மேடம்," என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது அந்தச் சொப்பனம். மழைக்காலம் முழுக்க அது நீடித்தது. ஏரி நிரம்பித் தவளைகள் கத்தத் தொடங்கும் நேரத்துக்கு இவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவார்கள். அவர் டிக்கெட் வாங்குவார். அவள் ஜன்னலோரம் உட்காருவாள். புத்தகத்தில் பாடங்கள் தீர்ந்துபோன பிறகும் ரயில் நிற்கவில்லை. அவருக்கு ஒரு கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தப் பாடம் முடிந்தாலும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இங்கிலீஷில் அதைக் கேட்பார்.

"நாளைக்கு எங்கே போகலாம், மேடம்?"

"சமுத்திரத்துக்குப் போகலாம், மிஸ்டர் பாஸ்கல்."

"மிகுந்த மகிழ்ச்சியோடு."

சமுத்திரம் ஒன்றும் சீமையில் இல்லை. பாகூரிலிருந்து வண்டி கட்டினால் உச்சிப்பொழுதுக்குள் போய் வந்துவிடலாம். கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்தவள் அவள்; ஆற்றைத் தாண்டி வந்த பிறகு கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. கூட்டிப்போகச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. தமிழில் அதை எப்படிக் கேட்பது என்றே தெரியாமல் இருந்துவிட்டாள். இங்கிலீஷில் மளமளவென்று வந்துவிட்டது. கடலைப் பார்த்த ஓர் ஓட்டல், நீலத்திரை போட்ட ஜன்னல், அவித்த முட்டை, திடீரென்று ஒரு மழை. அவர் குடையை அவளுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். கொய்யாமரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் இரண்டு பேருக்கும் அந்த மழையாகவே இருந்தது.

அடுத்த வீட்டு சிவப்பிரகாசமும் அதே ஆபீசில்தான் வேலை பார்த்தார். அதே தேர்வுக்குத்தான் அவரும் உட்கார வேண்டும். அவர் மனைவி தனக்கொடிக்கு வேலிக்கு இந்தப் பக்கமே காது.

"இன்னாக்கா, வூட்ல வெள்ளைக்காரன் குடி வந்துட்டானா? பொழுதாச்சுன்னா சிரிப்பும் கும்மாளமுமா கீது?"

"பரீட்சைக்குப் படிக்கிறாரு," என்றாள் இன்பமேரி. முகம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எழுத்துப் பயிற்சியும் நடந்தது. ஒரு விடுமுறை நாளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாள். அவர் பிரெஞ்சுக்காரன் பழக்கிய அழகான சாய்வெழுத்தில் எழுதிக் கொடுத்தார். சிவப்புப் பென்சிலோடு திருத்திக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அலை வந்து மனைவியின் செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்றாம், அவள் சிரித்தாளாம். அவள் சிரித்தால் இப்படி இருப்பாள் என்று அதுவரை தனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். அந்த வரியில் இரண்டு தப்பு இருந்தது. அவள் திருத்தவில்லை.

விடிந்தால் பழைய கதைதான். "இந்தா, குடை." குடை வரும். முந்தின மாலை இங்கிலீஷ் மழையில் அதே குடையை அவளுக்குப் பிடித்தவர், அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவார். அது அவளுக்கு முன்பெல்லாம் வலித்ததில்லை. இப்போது வலித்தது.

தை பிறந்தது, தேர்வும் நெருங்கியது. "வில்லியனூர் மாதாவுக்கு ஆளுயர மெழுகுவத்தி நேந்துக்கோ," என்று பாஸ்கல் சொன்னார். இன்பமேரி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். அவர் தேறிவிட்டால்? புத்தகம் கடலூருக்குத் திரும்பும். முக்காலிகள் உள்ளே போகும். ரயில் நின்றுவிடும்.

"தாயே, இந்தத் தபா அவரு தேறக் கூடாது. ஆளுயர மெழுகுவத்தி ஏத்துறேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். கட்டின புருஷன் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று எந்த மகராசியாவது நேர்ந்துகொள்வாளா? ஆனால் மாதாவிடம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவது எப்படி என்று எந்தக் கன்னியரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

தேர்வு முடிந்தது. புதுச்சேரியில் முடிவு ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பாஸ்கல் போனார். பொழுது சாயத் திரும்பினார்.

"இன்னாச்சுங்க?"

"போச்சு," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் எழுதணும்." சொன்னவர் நேராக முற்றத்துக்குப் போய் இரண்டு முக்காலியையும் எடுத்துப் போட்டார். உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான கேள்வியை இங்கிலீஷில் கேட்டார்.

"ஒடம்பு சரியில்லீங்க," என்று இன்பமேரி உள்ளே போய்விட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. அது இப்படிக் கசக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. மூலையறையில் தூசிக் கட்டுகளுக்கு நடுவில் அவர் குனிந்து உட்கார்ந்திருப்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் கிளம்பினாள். புதுச்சேரி போய் வண்டி மாறி, வில்லியனூர் மாதா கோயில் வாசலில் இருந்த மெழுகுவத்திகளிலேயே பெரியதை வாங்கி, ஏற்றி வைத்தாள். கேட்ட வரம் கிடைத்ததற்காகத் தேம்பித் தேம்பி அழுத பெண்ணை மாதா அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள். "மன்னிச்சுக்கோ தாயே. அடுத்த தபா அவரத் தேற வெச்சுடு. நா பேசாத இருந்துக்கிறேன். எனக்கு இன்னா, பழக்கந்தானே," என்றாள். அதை மனதாரச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் சிவப்பிரகாசம் ஏறினார். ஆபீஸ் வேலையாகப் புதுச்சேரி வந்திருந்தாராம்.

"இன்னா அண்ணி, லட்டு எங்க?"

"எதுக்கு லட்டு?"

"நல்லா கேட்டீங்க போங்க! நாந்தான் கோட்ட வுட்டுட்டேன். அண்ணந்தான் தேறிட்டாரே! பேச்சுல மொத ஆளாமே, ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. ஒங்க கிட்ட சொல்லலியா?"

இன்பமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்! வாய்கூசாத பொய். அழுத கண்ணீரெல்லாம் வீண், மெழுகுவத்தியும் வீண். மாதாவுக்கு மட்டும் லாபம். வீட்டுக்குப் போனதும் கேட்கிற கேள்வியில் மனுஷன் எழுந்திருக்கக் கூடாது என்று கரும்பு வண்டிகளைத் தாண்டித் தாண்டி பஸ் போகிற நேரம் முழுக்கக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஏரிக்கரை வந்தது. வெயில் தாழ்ந்து, அக்கரை தெரியாமல் தண்ணீர் வானத்தோடு சேர்ந்து கிடந்தது. தேறின மனுஷன் எதற்குத் தவறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்? அவருக்கு அதில் என்ன ஆதாயம்? அப்போதுதான் அவளுக்கு அந்த இரண்டு முக்காலியும் ஞாபகம் வந்தன. வந்தவுடனே வேட்டிகூட மாற்றாமல் அவர் அவற்றை எடுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. சேர்த்து வைத்த கேள்விகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிற்று.

வீட்டில் பாஸ்கல் கொய்யாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எதிர் முக்காலி காலியாக இருந்தது.

"எங்க போயிட்ட? கதவு பூட்டிக் கெடந்துது."

"வில்லியனூருக்கு. நேந்துகிட்ட மெழுகுவத்திய ஏத்திட்டு வந்தேன்."

"நாந்தான் தேறலையே. அதுக்கு எதுக்கு மெழுகுவத்தி?"

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க தேறக் கூடாதுன்னுதான் நேந்துகிட்டேன்," என்றாள். சொன்ன பிறகுதான் தமிழில் சொல்லிவிட்டது தெரிந்தது.

அவளே தொடர்ந்தாள். "பஸ்ஸுல சிவப்பிரகாசம் லட்டு கேட்டாரு."

திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் போல அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் நேர்ந்துகொண்டாய் என்று அவரும் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

"அந்த அதிகாரி," என்று கடைசியில் ஆரம்பித்தார், "சமீபத்துல எங்கியாச்சும் போயிருந்தீங்களான்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. சமுத்திரத்துக்குப் போனோம்னேன். ஓட்டலு, நீலத்திரை, மழை, ஒன் செருப்பு போனது, எல்லாத்தையும் சொன்னேன். அவரு பேனாவ வெச்சுட்டுக் கேட்டுக்கினு இருந்தாரு. ஒங்க சம்சாரத்துக்குப் புடிச்சிதான்னு கேட்டாரு."

"இன்னா சொன்னீங்க?"

"ரொம்பப் புடிச்சிதுன்னேன். வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கசொல்லதான் ஒறைச்சிது, ஒன்ன நா எங்கியுமே இட்டுக்கினு போனதில்லன்னு."

இன்பமேரி விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது கண்ணில் கலங்கலாகத் தெரிந்தது. அவருடைய முக்காலி அசைந்து, கொஞ்சம் அருகே வந்தது.

"இன்பா," என்றார் பாஸ்கல். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் "இந்தா" என்றிருந்தவளுக்கு அது யார் பெயர் என்று புரியவே ஒரு கணம் ஆயிற்று. "நாளைக்கு எங்க போலாம்?"

அதே கேள்விதான். ஆனால் தமிழில் கேட்டுவிட்டார். இங்கிலீஷ் பதில் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தமிழில் பதில் தேடினாள். பேசியே பழகாத பாஷையாக அது இருந்தது.

"சமுத்திரத்துக்குப் போலாங்க," என்றாள். "இந்தத் தபா செருப்பக் கையில எடுத்துக்கறேன். போன தபா அலை அடிச்சிக்கினு போயிடுச்சி."