கரண்ட் போன காலையில் ஒரு கழுதை

கரண்ட் போன நாளில்தான் எங்கள் வீட்டில் காக்கா கத்துவதே காதில் விழும். மாதம் ஒருமுறை பராமரிப்பு வேலை என்று வெண்ணந்தூர் முழுக்க நிறுத்துவார்கள். அன்று காலையும் அப்படித்தான், வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த எட்டுத் தறியும் ஒரே நொடியில் நின்றன. நான் ஆஸ்பத்திரிச் சீட்டையும் இனியாவுக்கு மாற்றுத் துணியையும் பையில் திணித்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பத்து மணிக்குச் சேலத்தில் இருக்க வேண்டும். குழந்தை அங்கே வந்து தூங்கினால்தான் டெஸ்ட் எடுக்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் விடிவதற்கு முன்பே அவளை எழுப்பி, மறுபடி கண்ணயராமல் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து உட்காரவைத்திருந்தேன். அப்போது வாசலில் நங்கையாவின் குரல் கேட்டது. தறி ஓடாத நாளிலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரல் அவருக்கு.

“மதுமதீ, கழுதப்பால்காரரு வந்துட்டாரு கண்ணு. புள்ளையத் தூக்கிட்டு வா. வெறும் வயித்துல குடுக்கோணுமாமா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே காது டெஸ்டுக்கு இது மூன்றாவது தேதி. முதல் தடவை யாரோ தூரத்துப் பங்காளி இறந்துபோனார், தீட்டு என்றார்கள். இரண்டாம் தடவை குழந்தைக்குச் சந்திராஷ்டமம் என்றார்கள். இப்போது கழுதை.

நங்கையா என்று நான் முறை சொல்லிக் கூப்பிடுவது என் கணவர் தீனதயாளனின் அக்கா சௌந்திரத்தை. பக்கத்து வீடு, எட்டுத் தறியும் அவருடையவை. கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். இனியா பிறந்த நாளிலிருந்து நான் தூக்கிய நேரத்தைவிட அவர் தூக்கிய நேரம்தான் அதிகம். ‘என்ற கழுதக்குட்டி’ என்றுதான் கொஞ்சுவார். அந்தப் பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வருகிற ஐப்பசியோடு இனியாவுக்கு மூன்று வயது முடிகிறது. இன்னும் அம்மா என்று ஒரு சொல் வரவில்லை. ஆ என்பாள், ஊ என்பாள், அவ்வளவுதான். மற்றபடி படுசுட்டி. இந்த வீட்டில் தறி ஓடும்போது யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. நூல் அறுந்துவிட்டது என்றால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கு விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவார்கள். வா என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு அசைப்பு. சேலம் சூரமங்கலத்தில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. இனியா நடக்கும் முன்பே கற்றுக்கொண்டாள். அவள் கையைக் கவிழ்த்து அசைத்துத் தன் அத்தையைக் கூப்பிடும்போது பட்டறையே சிரிக்கும். “எல்லாம் புரியுதே அவளுக்கு, வாயி மட்டுந்தான் தொறக்கோணும்” என்பார் நங்கையா. எட்டுத் தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் அசையாமல் தூங்கியதைக்கூடப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, சத்தத்துக்குப் பயப்படாது என்று.

என் மடியில் உட்கார்ந்தால் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொள்வாள். நான் பேசுகிறவரை எடுக்கமாட்டாள், நிறுத்தினால் தட்டுவாள். தூங்கும்போதும் அப்படித்தான். அம்மா கழுத்து இல்லாமல் தூக்கம் வராது என்று எல்லோரும் சிரிப்போம்.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் டாக்டரம்மா, “மொதல்ல காது கேக்குதான்னு பாருங்க. லேட் பண்ணப் பண்ணப் பேச்சு வர்றது கஷ்டம்” என்றார். அன்றிலிருந்து நான் அவள் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்பமாட்டாள். தட்டு கீழே விழுந்து தரை அதிர்ந்தால் கட்டாயம் திரும்புவாள். கேட்கிறது என்று ஒரு நாள் தோன்றும், மறுநாளே இல்லை என்று தோன்றும். இந்த ஊசலாட்டம் தீர ஒரு மிஷின் இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அதற்குத்தான் இத்தனை பாடு.

தனியாகவே போயிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். போயிருக்கலாம். போனமுறை அப்படிப் பையை எடுத்தபோது, “அத்தன அவநம்பிக்கையா எங்க மேல?” என்று நங்கையா அழுதுவிட்டார். தீனதயாளன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை அவரே பைக்கில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அவருக்கு ராசிபுரம் ரோட்டில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவுக்கு மேலே கழுதைப் படம் மாட்டியிருக்கிறார், ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதியது. காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு முன்பு அதைத்தான் பார்ப்பார். நாலு வயதுவரை பேசாமல் இருந்தவராம் அவர். கழுதைப் பால் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்ததாக நங்கையா சொல்வார். இப்போது கடையில் வாய் மூடுவதில்லை, அதுவே சாட்சி.

இந்த ஊரில் கழுதைக்குத்தான் எத்தனை வேலை. படமாக மாட்டினால் யோகம். மூதேவிக்கு வாகனமும் அதேதான், ஆனால் அந்தப் பேச்சைக் கடையில் எடுக்கக் கூடாது. எதிரே வந்தால் நல்லது, கத்தினால் இன்னும் நல்லது. மழை வராவிட்டால் இரண்டைப் பிடித்து மஞ்சள் பூசித் தாலி கட்டுவார்கள். சளிக்கு, இருமலுக்கு, குரலுக்கு அதன் பால். சொன்ன பேச்சைக் கேட்காதவர்களைத் திட்டவும் அதன் பெயரேதான். எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கியவர்கள் என் மகளின் காதுக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்க மாட்டேன் என்கிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு கழுதை நின்றது, பக்கத்தில் அதன் குட்டி. கயிற்றைப் பிடித்திருந்தவர் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் காத்தான் என்றார். தீனதயாளன் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார், யாருக்கும் நடுவில் வராத மாதிரி.

“பஸ்ஸு போயிருமுங்க” என்றேன் அவரிடம்.

“பாலக் குடுத்துட்டுக் கெளம்பலாம். ஏன் பறக்கற?”

“காய்ச்சாத பாலுங்க அது.”

“காச்சுனா அதுல என்ன இருக்குது?” என்றார் நங்கையா. “மதுமதி, நான் ஒண்ணு சொல்றன், கோவிச்சுக்காத. ஒரு மண்டலம் இதக் குடுத்துப் பாப்போம். அப்புறமேட்டுக்கு உன்ற டெஸ்ட்ட வெச்சுக்கலாம். பிஞ்சுக்குத் தூக்க மருந்து குடுத்துத் தலையில ஒயரு ஒட்டறாங்களாமா.”

“தூங்கிட்டா மருந்தே வேண்டாமுங்க நங்கையா. அதுக்குத்தான் இருட்டோட எழுப்பி வெச்சிருக்கறன்.”

“பச்சப் புள்ளையத் தூங்க உடாம!” என்று அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சாவியைப் பார்த்தார். “ஒரு மண்டலந்தான மது” என்றார் மெதுவாக. இந்தத் தேதியும் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோளில் பையின் பட்டை அறுத்தது. இறக்கிவைக்க மனம் வரவில்லை.

காத்தான் குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பிறகு அதைத் தள்ளிவிட்டுக் கறந்தார். கொஞ்சமாகத்தான் வந்தது. “குடிச்சா கணீர்னு குரலு வருமுங்க அம்மிணி” என்று பாலாடைச் சங்கை நீட்டினார். எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நங்கையா கிழக்கே பார்த்து நின்று, “மாரியாயி, என்ற சாமிக்கு வாயத் தொற” என்று கும்பிட்டுவிட்டு இனியாவின் வாயில் புகட்டினார். அவள் பாதியைக் குடித்தாள், மீதியைத் துப்பினாள். இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிக் கழுதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சிமெண்ட் தரையில் சிந்திய பாலை விரலால் இழுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். கழுதையின் மூக்கு அவள் தலைக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது.

குட்டி மெல்ல நடந்து பட்டறை மூலை திரும்பி மறைந்தது. தாய்க்கழுதை கழுத்தை உயர்த்தியது. பழைய அடிபம்பை இழுப்பது போல முதலில் உள்ளே ஒரு மூச்சு. அப்புறம் அது கத்தியது.

கரண்ட் இல்லாத தெருவில் அந்தச் சத்தம் சுவரெல்லாம் மோதித் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீனதயாளன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. எதிர்வீட்டுக் கொடியில் இருந்த காக்காய்கள் எழும்பிப் பறந்தன. நங்கையா காதைப் பொத்தி, உடனே கையை எடுத்துத் தட்டினார். “பாத்தியா மதுமதி, பாலு உள்ள எறங்குன கையோட கத்துது! இதவிட என்ன சகுனம் வேணும்? இனிமே என்ற சாமி பேசிருவா.”

இனியா கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கவில்லை. விரல் நிற்கவில்லை. கத்தல் ஓயும்வரை நான் அவள் விரலையே பார்த்தேன். பாலில் ஒரு வட்டத்தை அவசரமில்லாமல் போட்டு முடித்தாள்.

இத்தனை மாதமும் நான் சொல்வதுதான் சரி என்று இவர்களிடம் நிரூபிக்கத் துடித்திருக்கிறேன். இப்போது அது சரி என்றே ஆகிவிட்டது. அப்படி ஆகக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. பஸ் இல்லாமல், மிஷின் இல்லாமல், வாசலிலேயே டெஸ்ட் முடிந்துவிட்டது.

தீனதயாளன் சாவியைக் குனிந்து எடுக்கவில்லை. அவரும் பார்த்திருக்கிறார். “இனியா” என்றார், அவள் முதுகைப் பார்த்து. பிறகு கொஞ்சம் பலமாக, “இனியா.” பிறகு தறி ஓடும்போது கூப்பிடுகிற குரலில், தொண்டை நரம்பு புடைக்க, “இனியா!” காத்தான்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“வெளையாட்டு மும்முரத்துல இருக்கறாடா” என்றார் நங்கையா. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. தட்டிய கைகள் இன்னும் மார்புக்கு நேரே சேர்ந்தே இருந்தன. பிரித்து என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார். “இல்ல தீனா?” என்றார். மெயின் ரோட்டில் சேலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எப்போதும் வீட்டுக்குள் கேட்காத சத்தம், இன்று பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது.

இனியா பால் காய்ந்த விரலைச் சட்டையில் துடைத்தாள். குட்டியைத் தேடித் திரும்பினாள். காணவில்லை. எழுந்து நேராகத் தாய்க்கழுதையிடம் போனாள். “ஒதைக்காதுங்க, சாது” என்றார் காத்தான், கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி. குட்டி வராத தவிப்பில் அது மறுபடி கழுத்தை உயர்த்தியது. இனியா எட்டி, உள்ளங்கையை அதன் கழுத்தில் வைத்தாள், தினமும் ராத்திரி என் தொண்டையில் வைக்கிற அதே மாதிரி, விரல்களை விரித்து. கழுதை கத்தியது.

அவள் கண் அகன்றது. வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள். இவ்வளவு பெரிய பேச்சை அவளிடம் இதுவரை யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி, மற்றொரு கையைக் கவிழ்த்து இரண்டு முறை அசைத்தாள். வா.

பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். ஒரு கை கழுதையின் கழுத்தில் இருக்க, இன்னொரு கையை நீட்டி என் தொண்டையில் வைத்தாள். கழுதை ஓய்ந்துவிட்டது. அவள் என் வாயையே பார்த்தாள். நான் பேசாமல் இருக்கவும், விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.