ஆய்ந்த பக்கம், வெட்டிய பக்கம்

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கிறாள். என் வீட்டுக்காரர் காலையில் கண் விழித்ததும் அவள் முகத்தில்தான் முழிப்பார். நான் காபி டம்ளரோடு பின்னாலேயே போய் நிற்க வேண்டும். சக்களத்தி என்றதும் யாரும் கற்பனையை ஓட விட வேண்டாம். அவள் ஒரு ஆப்பிள் மரம்.

அவர் பழ லாரி ஓட்டியவர். குளிர்ந்த மலைகளில் ஆப்பிளும் பேரிக்காயும் ஏற்றிக்கொண்டு இந்த வெக்கைக்கு இறங்கி வருவார். மேலே ஒரு நாற்றுப் பண்ணைக்காரர், “சூடு தாங்குற ரகம், வச்சுத்தான் பாருங்களேன்” என்று ஒரு கன்றைக் கையில் கொடுத்துவிட்டார். அது இங்கே வந்து கொழுகொழுவென்று வளர்ந்தது. இலை என்றால் அப்படி ஒரு இலை. பூ மட்டும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் “இது என்ன மரம்?” என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு, அவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு நின்றுபோனது. லாரியை இனி தொடக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கி எந்த வேலையும் கூடாது, ஓய்வுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு என்ற சொல்லே தெரியாத மனிதரிடம் ஓய்வெடு என்றால் என்ன செய்வார்? கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், சாப்பிடுவார், மறுபடியும் சுவர். முன்னறையில் நான் பார்லர் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு உள்ளே வந்தால் அந்த முதுகுதான் இருக்கும்.

அவரைக் கட்டிலிலிருந்து கிளப்பியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. இந்த மரம்தான். ஒரு நாள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“இந்தா, இங்க வா. அது ஏன் பூக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு.”

“ஏனாம்?”

“அது தூங்கவே இல்ல. குளிர் வந்தாதான் அதுக்கு இலை கொட்டும், தூங்கும். தூங்கி எழுந்தாதான் பூக்கும். இங்க குளிர் எங்க வருது? வச்ச நாள்லேருந்து ஓயாம வேலை செஞ்சுட்டு நிக்குது, பாவம்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்குமே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

இவர் சும்மா இருப்பாரா? வெக்கையிலேயே ஆப்பிள் காய்க்க வைக்கும் ஒரு விவசாயியின் நம்பரைத் தேடிப் பிடித்தார். மணிக்கணக்கில் பேசினார். அந்த மனிதர் சொன்ன வழி இதுதான். தண்ணீரை நிறுத்து. பிறகு மரத்தில் இருக்கும் இலை அத்தனையையும் நீயே எடுத்துவிடு. குளிர்காலம் வந்துவிட்டது என்று மரம் ஏமாந்து தூங்கும். கொஞ்ச நாள் கழித்துத் தண்ணீர் விட்டால் பூவோடு எழுந்திருக்கும்.

“ஆனா காம்பை விட்டுடணும். இலையை மட்டும்தான் எடுக்கணும். காம்போட அடியிலதான் மொட்டு உக்காந்திருக்கு. காம்பு தானா உதிரும். இழுத்தா மொட்டும் கூடவே வந்துடும்” என்று என்னிடம் பாடம் ஒப்பித்தார். முகத்தில் பழைய களை வந்திருந்தது. அந்த முகத்துக்காக நான் மரத்தை மொட்டையடிக்கவும் தயார், எனக்கே மொட்டை போட்டுக்கொள்ளவும் தயார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், பக்கத்து வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பின்கட்டு ஒன்றே, அதை ஒட்டிப் பின்தெரு. அவர் சந்தையில் கீரை மொத்த வியாபாரி. அவருடைய வேன் வெயிலில் நின்று, ஏற்றுவதற்கு முன்பே உள்ளே அடுப்பாகி, கீரை வதங்கிப்போகிறது. மரம் நிற்கும் இடத்தில் சிமெண்ட் போட்டு ஒரு கொட்டகை எழுப்ப வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் வாயை மூடிக்கொண்டிருந்தவர், இவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மறுபடி கேட்டார்.

“இந்தத் தடவை ஒரு காய் காய்ச்சாலும் சரிடா, இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னா எடுத்துடுவோம். மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சுட்டேன்.”

“காய்க்கும்ணே” என்றார் இவர். எனக்குத்தான் பக்கென்றது. மரம் போனால் போகட்டும், எனக்கென்ன? அது போன மறுநாள் இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டி எழுப்புவேன்?

தண்ணீரை நிறுத்தினோம். இலை எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, அவர்தான் கையைத் தூக்கக் கூடாதே. பார்லரில் கல்யாணப் பெண்கள் கூட்டம் வேறு. துணி காயப்போடும்போது மூத்தாரிடம் புலம்பினேன். “இவ்ளோ இலையையும் நான் எப்ப மாமா எடுக்கப் போறேன்? எனக்கு இருக்கறது ரெண்டு கை.” அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இவரை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். மதியம் திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால், மூத்தார் தன் வீட்டு ஏணியில் நிற்கிறார். சட்டை முழுக்க வியர்வை. மரத்தில் தெருப் பக்கம் முழுக்க வெறுங்கிளை. கீழே இலைக் குவியல்.

“பாத்தியா, பாதி முடிச்சுட்டேன்! ரெண்டு கைதான் இருக்குன்னியே, இந்தா என்னோட ரெண்டு” என்று சிரித்தார்.

சந்தையில் அவரைப் போல வேகமாகக் கீரை ஆய்கிறவர் யாரும் இல்லை. நுனியைப் பிடித்து விரலை ஒரு இழுப்பு இழுத்தால் தண்டு தனி, இலை தனி. போகிற போக்கில் கொழுந்தையும் ஒரு கிள்ளு. கீரைக்கு அதுதான் முறை. மரத்தையும் அப்படியே ஆய்ந்திருந்தார்.

இவர் குனிந்து குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். ஒவ்வொரு காம்பின் அடியிலும் பட்டையோடு பிய்ந்து வந்த மொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கிளை நுனிகள் எல்லாம் கிள்ளப்பட்டுக் கிடந்தன. எனக்கு இவர் நெஞ்சைப் பற்றித்தான் பயம் வந்தது.

“மரத்தை எடுக்கணும்னு நின்னவன் நீ. நான் வீட்டுல இல்லாத நேரம் பாத்து வந்து முடிச்சுட்ட. வேணும்னேதான் பண்ணியிருக்க.”

மூத்தாரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோயிற்று. “டேய், இலையை எடுக்கணும்னாளேடா...”

“நீ பேசாத. இனிமே என்கிட்ட பேசாத.”

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துண்டில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். இவர் உள்ளே போய்க் கட்டிலில் படுத்தார். சுவரைப் பார்த்து.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஏணியில் கட்டிவைத்து உரித்திருப்பேன். ஒருவருக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யத் தெரியவில்லை. இன்னொருவருக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியவில்லை. திட்ட ஆள் கிடைக்காமல் பார்லருக்குள் போனேன். மேசைமேல் என் சிறிய கத்தரிக்கோல் கிடந்தது, நெற்றி முடியை நேராக வெட்டுவதற்கு வைத்திருப்பது. அதை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

மீதிப் பாதியை நான் வெட்டினேன். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு கிளை. காம்பை விட்டு, இலையை மட்டும். தலைமுடி என்றால் வாடிக்கையாளர் கேட்ட இடத்தில் வெட்டினால் போதும், மரம் எங்கே வெட்டு என்று சொல்லாது. கழுத்து வலித்தது. “ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்க, சரியா வெட்டறேனா?” என்று தினமும் உள்ளே பார்த்துக் கத்துவேன். சரியாகத்தான் வெட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும். அவர் கட்டிலை விட்டு எழ மாட்டார். ஒரு நாள் பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருந்தேன். “அந்தக் காம்பு கொஞ்சம் நீளமா இருக்கு” என்றார். அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

மரம் எலும்பும் தோலுமாக நின்றது. காம்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விவசாயி சொன்ன நாளில் தண்ணீர் விட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி காலையும் மாலையும் போய்ப் போய்ப் பார்த்தோம்.

பூத்தது. நான் வெட்டிய பக்கம் மட்டும் பூத்தது. முதலில் இளஞ்சிவப்பாக மொட்டு, விரிந்தால் வெள்ளை. பார்லருக்கு வந்தவர்கள் பாதி மேக்கப்போடு பின்கட்டுக்கு ஓடிவந்து போட்டோ எடுத்தார்கள். தேனீ வருமோ வராதோ என்று, கன்னத்துக்குப் பூசும் புது பிரஷ் ஒன்றை எடுத்து நானே ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டேன். சக்களத்திக்கு மேக்கப் போட்டுவிட்ட முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

தெருப் பக்கக் கிளைகள் மட்டும் குச்சியாகவே நின்றன. மூத்தார் வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளையைக் கையில் பிடித்து, மொட்டு இருந்த வடுவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். இவரிடம் சொன்னேன். “பாத்துட்டுப் போகட்டும்” என்றார்.

பிஞ்சு பிடித்த சமயம், மேஸ்திரியின் மனைவி புருவம் திருத்திக்கொள்ள வந்தாள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு நான் பாதிப் புருவத்தில் இருந்தேன்.

“நல்லா பூத்துச்சாமே உங்க மரம்? நல்லவேளை, கொட்டகை வேண்டாம்னு உங்க மூத்தார் அப்பவே சொல்லிட்டாரு.”

“எப்ப?”

“அது ஆச்சே ரொம்ப நாளு. நீங்க ஆஸ்பத்திரி போனீங்கல்ல, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தாரு. ‘தம்பி அந்த மரத்தாலதான் எழுந்து நடக்கறான், கீரை வதங்கினா வதங்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாரு. ஏன், உங்ககிட்ட சொல்லலையா?”

நூல் அறுந்தது. அவள் புருவத்தை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. நேராக உள்ளே போய் இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.  அன்றைக்கு ஏணியில் நின்று “பாத்தியா” என்று சிரித்த அந்த முகம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கொட்டகையை விட்டுக்கொடுத்த கையோடு, தம்பிக்கு உதவி செய்ய ஏறி நின்ற மனிதர்.

“போய்ப் பேசுங்க.”

“என்னன்னு பேசறது?”

“மன்னிச்சுக்கோன்னு.”

“அண்ணன்கிட்டயா? அந்த வார்த்தை எங்களுக்குள்ள இருந்ததே இல்லையே” என்றார். திமிரில் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காய்கள் முற்றின. பெரிதும் இல்லை, கடையில் இருப்பதுபோல் பளபளப்பும் இல்லை. ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் பச்சை. முதல் பழத்தை இவர் பறித்து முகர்ந்துகொண்டே நின்றார். பிறகு என்னிடம் நீட்டி, பக்கத்து வீட்டுப் பக்கம் தலையை மட்டும் அசைத்தார்.

மூத்தார் வாசலில் உட்கார்ந்து கட்டுக் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழத்தைக் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஏந்திக்கொண்டார்.

“உங்க தம்பி குடுக்கச் சொன்னாரு மாமா.”

“ம்.” பழத்தைத் திருப்பிப் பார்த்தார். “என் பக்கம் ஒண்ணும் வரலைல்ல?”

“இலை வந்துடுச்சு மாமா. இப்ப நல்லா தழைச்சு நிக்குது.”

“மறுபடி எப்ப ஆயணும்?”

“ஆயறது இல்ல மாமா” என்றேன். “வெட்டறது.”

அவர் தலையை ஆட்டினார். பழத்தைக் கடிக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பழம் எல்லாம் பறித்து முடிந்து, மறுபடி தண்ணீரை நிறுத்தி, இலை எடுக்கும் நாள் வந்தது. நான் பார்லரில் ஒரு பெண்ணுக்குத் தலைமுடி அலசிக்கொண்டிருந்தேன். மூத்தார் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆண்கள் யாரும் அந்தக் கதவைத் தாண்ட மாட்டார்கள், அவரும் தாண்டவில்லை. படிக்கிற கண்ணாடியை மாட்டியிருந்தார்.

“ஏம்மா, அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் குடு.”

கொடுத்தேன். பின்கட்டைப் பார்க்கிற பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அவர் தன் ஏணியைத் தெருப் பக்கம் சாய்த்து ஏறினார். சந்தையிலேயே வேகமான கை, ஒரு இலையைப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மூச்சைப் பிடித்து, ஒரு வெட்டு வெட்டிற்று. அப்புறம் அடுத்த இலை. ஏணி மெல்ல ஆடியது.

பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையைத் தலைக்கு மேல்தானே தூக்கக் கூடாது, பிடிக்கலாமே. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் வாடிக்கையாளர் “அக்கா, தண்ணி கண்ணுல போகுது” என்றாள். நான் குழாயை மூடிவிட்டு நின்றேன்.

“அண்ணே” என்றார் இவர், மேலே பார்க்காமல். “காம்பு கொஞ்சம் நீளமா இருந்தாலும் பரவாயில்ல.”