வளையம் காட்டிய பூஜ்யம்

நரின் நகரத்துப் பால்பண்ணையில் குழாய் கழுவுவது பெர்மெத்தின் வேலை. முதலில் பிசுக்கையும் சதையையும் அரிக்கும் காஸ்டிக் காரம், அப்புறம் தண்ணீர், அதற்கப்புறம்தான் பால். காரம் போய்விட்டதா என்று சொல்வது குழாயின் மேல்வளைவில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம். அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் திரவத்தைத் தொடுவதே இல்லை. ஓட்டை வழியே ஓடுவது எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று திரையில் எண் வரும். காரம் ஓடினால் எண் எகிறும், தண்ணீர் ஓடினால் இறங்கும்.

அன்று அந்தப் பாழாய்ப்போன எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. காய்ச்சலில் கிடக்கும் மகள் மீரிமைப் பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் விட்டு வந்திருந்தாள் பெர்மெத். "அப்பா பால் கொண்டாருவாரு, ஒரு சொட்டு விடாமக் குடிக்கணும்" என்று அதட்டிவிட்டு வந்த மனசு அங்கேயே கிடந்தது. சீக்கிரம் முடிந்ததே என்று பால் வால்வைத் திறந்தாள். முதல் கேன் எப்போதும் பாலர் பள்ளிக்குத்தான். புருஷன் தாலாய் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மெக்கானிக் ஷைலோ ஓடி வந்தான்.

"அக்கா, தண்ணி பம்பு வெறும் காத்தை இழுக்குது! கழுவவே இல்ல, எப்படிப் பாலை விட்டே?"

"பூஜ்யம் காட்டிச்சுடா!"

"நம்ம ஆத்துத் தண்ணி என்னிக்குக்கா பூஜ்யம் காட்டிருக்கு? ஓட்டைல ஒண்ணுமே இல்லன்னாதான் பூஜ்யம்!"

பெர்மெத் பாய்ந்து பால் வால்வை மூடினாள். புதிதாய் வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கீழ்க்குழாயில் தேங்கிய காரம் மொத்தமும் முதல் கேனில் இறங்கியிருக்கும். தாலாய் போனை எடுக்கவில்லை. பாலர் பள்ளிக்கு அடித்தாள்.

"வண்டி இன்னும் வரலையேம்மா" என்றாள் சமையல்காரி.

"வந்தா தொடாதீங்க! கொட்டிடுங்க! உங்க கால்ல விழறேன்!"

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அத்தனை பிள்ளைகளும் தப்பித்தன.

"அழாதேக்கா, அதான் தப்பிச்சாச்சே" என்ற ஷைலோ வாசலைப் பார்த்தான். "ஆமா, பள்ளி இந்தா இருக்கு. உன் வீட்டுக்காரர் வண்டிய எங்க நிறுத்திட்டாரு?"

அவளுக்கு அழுகை நின்றுபோனது. மறுபடி தாலாயை அழைத்தாள். இந்த முறை எடுத்தது மீரிம்.

"அப்பா எங்கடி?"

"எனக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்காரு. அம்மா, பாலு சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு."

"குடிச்சியா? கண்ணு, குடிச்சியாடி?"

"நீதானம்மா ஒரு சொட்டு விடக்கூடாதுன்னே. வாயெல்லாம் எரியுதும்மா."