சீரில் கேட்ட வேன்

கலியமூர்த்திக்கு அறுபத்தொன்பது வயதில்தான் மனசுக்குப் பிடித்த வீடு அமைந்தது. அதற்கு நாலு சக்கரம். வேலை பார்த்த மில் மூடிய பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டிய அதே மஞ்சள் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, முட்டி வலிக்குத் தோதான உயரத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தார். தலைமாட்டில் குட்டி ஃபேன், கால்மாட்டில் ஒற்றை அடுப்பு. படுத்தபடி கையை நீட்டினால் தண்ணீர், ரேடியோ, மாத்திரை எல்லாம் கிடைக்கும். கருவடிக்குப்பத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் மனுஷர் ராஜா மாதிரி இருந்தார்.

ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு கட்டியிருந்த மகன் செல்வகுமாருக்குத்தான் மானம் போயிற்று. இத்தனைக்கும் அப்பாவுக்கு இடமில்லை என்று அவன் சொன்னதே இல்லை. மாடி அறை அவருடையதுதான். ஏறிப் போவதற்கு மட்டும் வேறு யாருடைய முட்டியாவது வேண்டும்.

செல்வகுமாரின் மகள் துர்காவைப் பார்த்துப் பிடித்துப்போன பாகூர்க்காரர்கள், அடுத்து வீடு பார்க்க வருவதாகச் சொன்னதும் அவன் நேரே தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போனான்.

"அப்பா, அன்னைக்கு ஒரு நாள் வீட்ல இரு. மாடி ரூம்லதான் இருக்கேன்னு சொல்லு. வேன வாடகைக்கு வுடறதா நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லிக்க" என்றார் கலியமூர்த்தி. பேத்தி மேல் அவருக்கு உயிர். ஒரு நாள் பொய்யில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தார்.

வந்தவர்கள் டைல்ஸைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், பூஜை அறையில் கும்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா அரிகிருஷ்ணன் மட்டும் காற்று வாங்கிவிட்டு வருவதாகத் தெருவில் இறங்கியவர் திரும்பவில்லை. தேடிப் போனால், கலியமூர்த்தி ஓட்டிவந்து வாசலோரம் நிறுத்தியிருந்த வேனுக்குள் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். எழுப்பி அழைத்து வந்தார்கள். காபியைக் குடித்துவிட்டு அவர் செல்வகுமாரிடம் சொன்னார்:

"பையனுக்குக் காரு செய்யறதா சொன்னீங்களே, அது வேணாங்க. அந்த வேனக் குடுத்துடுங்க, போதும்."

செல்வகுமார் முகத்தில் தீபாவளி. கார் செலவும் மிச்சம், தெரு சிரிப்பதும் நின்றது.

"அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்கங்க" என்றான். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை.

கலியமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியாது என்றால், பேத்தி கல்யாணத்தைக் கெடுத்த கிழவன். சரி என்றால், சாகும்வரை மாடிப்படி. துர்கா கதவோரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கலங்கியிருப்பது தெரிந்தது.

"குடுத்துடலாம் சம்மந்தி" என்றார். "ஆனா நான் அதுலதான் குடியிருக்கேன். என்னையும் சேத்துதான் ஓட்டிக்கினு போவணும். உங்க ஊர்ல நெழலா ஒரு மரம் இருக்கா?"

செல்வகுமார் தரையைப் பார்த்தான். அவன் போட்ட டைல்ஸ்தான். துர்காவுக்கு மட்டும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

அரிகிருஷ்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணு புடிச்சிருக்கு. காரும் வேணாம், வேனும் வேணாம்" என்று எழுந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் பின்னாலேயே எழுந்தார்கள்.

வாசலில் செருப்பை மாட்டிய அரிகிருஷ்ணன், கலியமூர்த்தியின் கையைப் பிடித்து வேன் ஓரமாக ஒதுக்கினார்.

"பையனுக்குன்னு கேட்டன்ல, அது பொய்யி. எனக்குத்தான் கேட்டேன். பெரியவன் புதுசா வூடு கட்டியிருக்கான். எனக்கு ஒதுக்குனது மாடி ரூமு."

"முட்டியா?"

"ரெண்டும்."

கலியமூர்த்திக்கு அந்த ஆள் மேல் சட்டென்று பாசம் பொங்கியது. கட்டிலைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் என்ன என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"கொறட்ட வுடுவீங்களா?"

"வுடறேன்னு சொல்றாங்க."

"அப்ப வேற வேன் பாத்துடலாம் சம்மந்தி. மரத்தடியில இன்னொரு வண்டி தாராளமா நிக்கும்."