இரண்டாவது கியர்

அஞ்சலி சாவியைத் திருப்பினாள். டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. வண்டி உறுமவில்லை.

"இன்னொரு தடவ திருப்புடி!" பின்சீட்டிலிருந்து அம்மா அமுதவல்லி கத்தினாள். அவள் மடியில் அப்பாவின் தலை இருந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

மறுபடி திருப்பினாள். டிக், டிக், டிக், டிக்.

காலை பத்தரை மணி. கடலோரக் குருசுக்குப்பத்தில் இரண்டு நாளாக மழை விடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், ரோடெல்லாம் தண்ணீர், சுற்றி வர அரைமணி நேரமாகும் என்றார்கள். ஆட்டோ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரியோ பத்து நிமிஷத் தூரம்.

அப்பா சகாயநாதன் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். போன மாதம் முதல் முறை நெஞ்சு வலி வந்தபோது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக அந்த வெள்ளை டாக்ஸி வாசலைவிட்டு அசையவில்லை.

"பாப்பா…" அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரே டொக்கா, சின்னச் சின்னதா நெறையவா?"

"சின்னச் சின்னதா ப்பா."

"லைட்டப் போட்டுட்டுத் திருப்பு. மங்குதா பாரு."

"பேசாதீங்களேன்! மூச்சே வுட முடியல, வண்டிக்கு வைத்தியம் பாக்கறாரு," என்றாள் அம்மா.

"நீ ஸ்டார்ட் பண்ணிக் குடு வல்லி, நான் சும்மா படுத்துக்கறேன்."

லைட்டைப் போட்டாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. சாவியைத் திருப்பியதும் அது மஞ்சளாகி அவிந்தது. கூடவே டேஷ்போர்டில் இருந்த மாதா சொரூபத்தின் சின்ன நீல பல்பும் அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது.

அஞ்சலியின் கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வரப் பழகியவள். ஆனாலும் சாமி முன்னால் விளக்கு அணையக்கூடாது என்ற பிறந்த வீட்டு வழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. சாவியை எடுத்தால் மாதாவின் விளக்கு அணைந்துவிடுகிறதே என்று மனசு பொறுக்காமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வைத்தாள். தினமும் ஓடுகிற வண்டி, எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஓடாத இந்த மூன்று வாரமும் இராப் பகலாக எரிந்து அது பேட்டரியைத் தீர்த்திருக்கிறது.

கண்ணாடியில் அப்பாவின் கண்களைத் தேடினாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் இமைகளை மூடித் திறந்தார்.

"என்னாடி ஆச்சு வண்டிக்கு?"

அஞ்சலி வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "உப்புக் காத்து, வல்லி. பேட்டரி டெர்மினல்ல உப்புப் பூத்துருக்கும்."

அஞ்சலி இறங்கிப் பானட்டைத் திறந்தாள். டெர்மினல் இரண்டும் இறுக்கமாக, துடைத்துவைத்ததுபோல் இருந்தன. மழையில் நனைந்தபடி அவற்றை வெறுமனே இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆமாம்மா, நல்லா பூத்துருக்கு. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கொளஞ்சி குடையோடு வந்தான். விஷயம் தெரிந்ததும் குடையை மதில்மேல் வீசிவிட்டு வண்டியின் பின்னால் போனான். வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

"ஒருத்தன் தள்ளி நவுர்றதுக்கு இது என்னா ஐஸ் வண்டியா?" என்றான்.

அம்மா துண்டை மடித்து அப்பாவின் தலைக்கடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"நீ ஏன்க்கா எறங்குற?"

"வாய மூடிட்டுத் தள்ளு கொளஞ்சி."

பின்சீட்டில் அப்பா தனியாகக் கிடந்தார். "செகண்ட் கியர் போடு. கிளட்ச மிதிச்சுக்க. சாவி ஆன்ல இருக்கட்டும். நான் சொன்னாதான் வுடணும்."

"சரிப்பா."

"அலே," என்றார். வெள்ளைக்காரச் சவாரிகளை ஏற்றிக் கிளம்பும்போதெல்லாம் சொல்கிற பிரெஞ்சு 'போகலாம்'.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சக்கரம் உருண்டது. பதற்றத்தில் அஞ்சலி முன்னாலேயே கிளட்சை விட்டுவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் அம்மா ரோட்டில் மண்டியிட்டு விழுவது கண்ணாடியில் தெரிந்தது.

"அவசரப்படாத பாப்பா. வேகம் வரட்டும்."

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி தோளைக் கொடுத்தாள். தெருமுனையில் ரோடு சற்றே சரிந்தது. வண்டி வேகம் பிடித்தது. அஞ்சலி மூச்சுவிடாமல் காதைப் பின்னால் வைத்திருந்தாள்.

"இப்ப… வுடு."

விட்டாள். வண்டி திமிறி, இருமி, உறுமிக்கொண்டு உயிர் பிடித்தது. கொளஞ்சி கைகொட்டினான். அம்மா ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"போடி, போ! ஏங்க, கௌம்பிட்டோங்க. ஏங்க…"

வழி முழுக்க அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சலி கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போன ஐந்தாவது நிமிஷத்தில் டாக்டர் வெளியே வந்துவிட்டார். வரும் வழியிலேயே உயிர் போயிருக்கிறது என்றார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்ததாக ஒரு ஜெபமாலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். முட்டியில் ரத்தம் புடவையோடு ஒட்டியிருந்தது. அழவில்லை. ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"வண்டி மொதல்லியே எடுத்துருந்தா வந்து சேந்துருப்போம், இல்லடி?"

அஞ்சலி அவள் கையிலிருந்து முந்தானையை வாங்கித் தானே பிழிந்தாள்.

"கடலோரமா வண்டி நிறுத்துனா அப்பிடித்தாம்மா. உப்புக் காத்து."

"உப்புக் காத்து," என்றாள் அம்மாவும்.

வாசலில் வாட்ச்மேன் விசில் ஊதினார். "யாரும்மா வெள்ள டாக்ஸி? பேஷண்ட எறக்கியாச்சில்ல? ஆஃப் பண்ணு, பொகையா வருது."

"ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுண்ணா."

"அப்ப ஓரமாவது போடு. ஆம்புலன்ஸ் வருது."

திறந்தே கிடந்த பின்கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு அஞ்சலி ஏறினாள். வண்டியை மதிலோரமாக நகர்த்தி நிறுத்தினாள். இன்ஜின் அணைந்துவிடாதபடி ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.